திமிரியில் விழாத முத்திரை

மோகனா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பதினாறு வருடமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது தொலைதூரம் போய்விட்டு வருவாள். போன தை மாதம் ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டினாள். அதைப் பக்கத்து மெஷின் அக்தர் பானுவிடம் மட்டும் சொன்னாள்.

“யாருடி பாத்தாங்க?”

“எனக்குத் தெரியும்க்கா.”

“நாம தச்ச ஷூவும்தான் நமக்குத் தெரியும். செக்கிங் சீல் இல்லாம பொட்டில போடுவாங்களா?”

அக்தர் பானு சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மோகனா அடுத்த வாரமே சைக்கிள் சங்கத்தின் இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தாள்.

காலை ஆறு மணிக்கு ஆம்பூரில் கிளம்பி, ஆற்காட்டைத் தாண்டித் திமிரி வரை போய், மாலை ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் குறித்த இடங்களில், குறித்த நேரத்துக்குள், கையிலிருக்கும் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஓட்டியது சேராது. எல்லாம் விழுந்தால் சங்கப் பதிவில் பேர் ஏறும்.

திமிரியில் முத்திரை இருந்தது கண்ணம்மாளின் டீக்கடையில். மோகனா போன பதினொன்றரை மணிக்குக் கடை நிறைய ஆண்கள். அவள் கம்பெனியில் செய்வதையே செய்தாள். அங்கே வேலை அட்டையை மேஜை ஓரத்தில் வைத்தால் போதும். சூப்பர்வைசரே வந்து அன்றைக்குத் தைத்த கணக்கை எழுதிவிட்டுப் போவார், வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கேயும் கல்லா ஓரத்தில் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று டீ குடித்தாள். பிறகு பார்க்காமலே அட்டையைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

பத்து கிலோமீட்டர் திரும்பி வந்து, அடுத்த முத்திரைக்கு ஆற்காட்டில் அட்டையை நீட்டினாள். சங்கத்துக்காரர் உமர் ஃபாரூக் பார்த்தார்.

“திமிரி காலியா கீதேம்மா.”

“போனேன் சார். கல்லா மேல வச்சேன்.”

“நீ போனது மூஞ்சிலயே தெரியுது. ஆனா அதை நான் போட முடியாது. இப்படியே ஊருக்குப் போனாலும் தப்பில்ல, பேர்தான் வராது.”

“திமிரி எத்தனை மணி வரைக்கும்?”

“பன்னெண்டு நாப்பது. இப்பவே பன்னெண்டு பத்து. எதிர்காத்து வேற ஜாஸ்தி.”

மோகனா சைக்கிளைத் திருப்பினாள்.

தலையைக் குனிந்து மிதித்தாள். தொடை இரண்டும் எரிந்தன. மணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தோன்றியது. கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஆண்களை விலக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனாள்.

“அக்கா, முத்திரை போடுங்க. நேரமும் எழுதுங்க.”

கண்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பவே வந்தவதானே நீ? கேக்க வாய் இல்லியா?”

“அப்ப இல்ல.”

பன்னிரண்டு முப்பத்தாறு. கண்ணம்மாள் எழுதி முடிக்கும்வரை மோகனா பேனா முனையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

இருபது கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டியும் ஏழு பத்துக்கு ஆம்பூர் வந்து சேர்ந்தாள். அட்டையில் ஒரு கட்டமும் காலியில்லை. மறு வாரம் சங்கப் பட்டியலில் அவள் பேர் வந்தது. அக்தர் பானு அதைப் போனில் பெரிதாக்கி வரிசை முழுக்கக் காட்டினாள்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தபோது மோகனாவின் வேலை அட்டை மேஜை ஓரத்தில் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இங்கயே எழுதுங்க சார். பாத்துட்டுப் போறேன்.”