வட்டத்துக்கு வெளியே இருந்த சிவப்பு வரி

உள்ளறையிலிருந்து மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, பதற்றமாக. பால் காய்ச்சிக்கொண்டிருந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

தலைவலி, கொஞ்சம் படுக்கிறேன் என்று போன தங்கை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தலைவலிக்குக் கம்ப்யூட்டருக்குள்ள என்னடி மாத்திரை தேடுற?"

"நீ குடுத்த தலைவலிதானே? உன் கம்ப்யூட்டர்லயேதான் மருந்து இருக்கும்."

கணவன் போன பிறகு அக்காவுக்குச் சோறு போட்டது இந்தக் கணினிதான். மென்பொருள்களை இயக்கும் விதத்தைத் திரையிலேயே பதிவு செய்து விளக்க வீடியோப் படம் ஆக்குவாள். மவுஸ் அம்புக்குறியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போடுவாள். அழுத்த வேண்டிய பட்டனைப் பெரிதாக்குவாள். பார்ப்பவர் கண் அவள் சொன்ன இடத்தை விட்டு அசையாது. 'வட்டக்காரி' என்றே அவளுக்குப் பெயர்.

தங்கையின் புருஷன் ஆஸ்பத்திரிகளுக்காக ஒரு மென்பொருள் செய்திருந்தான். அதற்கும் அவள்தான் படம் செய்தாள். மருந்துச் சீட்டைச் சேமிக்கும் இடத்தில் பட்டனைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் சொக்கிப்போய், வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

பிறகு ஒருநாள், பெரிதாக்காத மூலப்பதிவை எதற்கோ ஓட்டியபோதுதான் அதைக் கவனித்தாள். பட்டனை அழுத்தியதும், 'இந்த மருந்து இவருக்கு ஒவ்வாது' என்று மேலே எச்சரித்த சிவப்பு வரி காணாமல் போய், சீட்டு அப்படியே பதிவானது. எத்தனையோ தடவை சரிபார்த்த படம். அவள் போட்ட வட்டம் அவள் கண்ணையே கட்டியிருந்தது.

தங்கையின் புருஷனிடம் அக்கா சொன்னாள். "வித்ததுக்கு அப்புறம் சரி பண்ணிக்கலாம், வாயை மூடிட்டு இருங்க அண்ணி" என்றான். மூலப்பதிவை ஆஸ்பத்திரிக்கே அனுப்புவேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். அதைத் தடுக்கத்தான் தங்கை வந்திருந்தாள்.

"அழிச்சாச்சு," என்றாள் தங்கை, நாற்காலியைத் திருப்பி. "இனி எதை அனுப்புவ?"

"காலையிலேயே அனுப்பிட்டேன்."

தங்கை எழுந்துவிட்டாள். "நான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சுமா எனக்குப் பால் காய்ச்சுன?"

"வந்தவளைப் பட்டினி போட எனக்குத் தெரியாது."

"கம்பெனி மூழ்கினா நாங்க தெருவுலதான். நீ தனியா நிக்கிற. நானும் அப்படி நிக்கணும், அதானே உன் ஆசை?"

அழுதால் தங்கை ஜெயித்ததாகிவிடும் என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"அந்த மருந்தை முழுங்கப் போறவனுக்கும் வீட்டுல ஒரு தங்கச்சி இருப்பாடி."

"அப்ப அவளையே தங்கச்சின்னு வெச்சுக்க. நான் செத்தாலும் என் வாசலை மிதிச்சுடாத."

கைப்பையை அள்ளிக்கொண்டு தங்கை நடந்தாள். வாசலில் செருப்பைத் தேடிக் கால் தடுமாறியது. தாங்க நீண்ட அக்காவின் கையை அவள் தட்டிவிட்டாள்.

படியிறங்கும் ஓசை அடங்கும்வரை அக்கா நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.