தீயில் குளிரும் பெட்டி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கணவர் டவுனில் குமாஸ்தா. நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அங்கே அடுப்படி என்றால் மூன்று கல்லும் கரி படிந்த ஒரு சுவரும்தான். அதனால் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் எதைத் தருவார், நாம் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரம்மா மலாக்காச் செட்டிப் பெண்மணி; பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாய் பேசப் பழகிய வம்சம். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை, அடுத்த வீட்டிலேயே குடியிருந்தார். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தமிழில் அவருக்கு வந்தது சில சொற்கள்தான். அவற்றில் ஒன்று 'தங்கச்சி'; என்னை அப்படித்தான் கூப்பிட்டார். மூத்த பெண்களை அங்கே அழைக்கிறபடி நான் அவரைப் பீபிக் என்று கூப்பிட்டேன். தோட்டத்தில் கற்ற மலாய் எனக்குக் கை கொடுத்தது. அவர் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அடுக்களையைச் சுற்றிக் காட்டினார். செங்கல்லில் கட்டிய கரி அடுப்பு, ஓர் அம்மி, தண்ணீர்த் தொட்டி. மூலையில் என் தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி.

"இது என்ன பீபிக்?"

"ஐஸ் பெட்டி. அடியில மண்ணெண்ணெய் விளக்கு இருக்கு. கொளுத்தினா மேல ஐஸ் கட்டும். வீட்டோட சேர்ந்தது, நீ பயன்படுத்திக்கோ."

விளக்கைக் கொளுத்தினால் ஐஸா? கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது, தன்னிடம் வேலை பார்த்த அவருடைய புருஷனுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. "வாடகைக்கு விடறவங்க அடுப்பும் தண்ணியும் குடுத்தா போதும். இது எதுக்கு? கெட்டுப்போனா நம்ம தலையிலதான் விழும்" என்றார்.

எனக்கோ அதைக் கொளுத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடியிலிருந்த தொட்டியை இழுத்து எண்ணெய் ஊற்றித் திரியைப் பற்ற வைத்தேன். நீல ஜுவாலை நின்று எரிந்தது. உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துவிட்டு அரை மணிக்கொரு தரம் கதவைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். பெட்டியின் முதுகைத் தொட்டால் சுட்டது. தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, உள்ளே வைத்த பாலும் திரிந்து போனது.

பீபிக்கிடம் போய்ச் சொன்னேன். "உங்க வீட்ல இருந்தப்ப நல்லா ஐஸ் கட்டுச்சா பீபிக்?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாங்க கொளுத்தினதே இல்ல, தங்கச்சி. பலகை வீடு. மூடின பெட்டிக்குள்ள தீ எரியறதுன்னா எனக்கு பயம். அவரு உள்ள சட்டைய மடிச்சு வெச்சிருந்தாரு."

"பயமா இருந்ததை எனக்கு ஏன் குடுத்தீங்க?"

"வீடு குடுத்தா அடுக்களையில உருப்படியா ஏதாவது இருக்கணும். வெறும் சுவரையா குடுக்கறது? என்கிட்ட இருந்ததுல பெருசு அதுதான்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. யார் பழுது பார்ப்பது என்பதில் கணவருக்கும் அவருக்கும் இரண்டு நாள் பேச்சு நடந்தது. கொடுத்தவர்தான் பார்க்க வேண்டும் என்றார் இவர். கொளுத்தியவர்தான் என்றார் அவர். நான் யாருக்கும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய், கேஸ் விளக்கு ரிப்பேர் செய்யும் சீனரை அழைத்து வந்தேன்.

அவர் பெட்டியைச் சுற்றி வந்தார், முதுகில் காதை வைத்துக் கேட்டார். "எத்தனை வருஷம் சும்மா நின்னுச்சு?" என்று கேட்டார். பீபிக் விரல்விட்டு எண்ணி ஆறு என்றார்.

"எண்ணெய் தொட்டிய கழட்டிடுங்க. தலைகீழா நிறுத்துங்க. ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் நிமித்தி, ஒரு நாள் விட்டு கொளுத்துங்க."

"தலைகீழாவா?" பீபிக் பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். "செத்தவரோட சாமான். அதைப் போய் கவுத்துறதா?"

சீனர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, உள்ள குழாய்ல தண்ணி மாதிரி ஒண்ணு ஓடுது. அது ஒரே இடத்துல தங்கிப் போச்சு. கவுத்தா திரும்ப ஓடும். எனக்கு தெரிஞ்சது அவ்வளவுதான்."

"தீயிலிருந்து குளிர் எப்படி வருது?" என்று நான் கேட்டேன்.

"அது செஞ்சவனைக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

 மறுநாள் காலை பீபிக்கே தன் இரண்டு மருமகன்களோடு வந்து நின்றார். என் கணவரும் கை கொடுத்தார். கீழே சாக்கை விரித்து மூவரும் பெட்டியைக் கவிழ்த்தார்கள். உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டது. பீபிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் கழித்து நிமிர்த்தி, அட்டை வைத்து ஆட்டமில்லாமல் நிறுத்தி, சொன்ன கெடு கழித்துக் கொளுத்தினேன். அடுத்த நாள் காலை கோப்பையை எடுத்தால் கவிழ்த்தும் தண்ணீர் கொட்டவில்லை. ஐஸ்! புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பீபிக் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து, அது கரைந்து மணிக்கட்டில் வழியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் போடவே இல்லை.

இனி பெட்டியைத் திரும்பக் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "எண்ணெய் உன்னுது, ரிப்பேர் என்னுது" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். என் கணவரும் தலையாட்டினார். அதன் பிறகு மத்தியானம்தோறும் கடற்பாசியில் செய்த அகார் அகார் ஒரு தட்டோடு வந்து பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவார். தீயையும் குளிரையும் பற்றிப் பிற்காலத்தில் ஒரு வாத்தியார் எனக்குப் படம் போட்டு விளக்கினார். பாதி புரிந்தது.

மூன்று வருஷம் கழித்து நாங்கள் புக்கிட் காதில் பக்கம் வேறு வீட்டுக்குப் போனோம். சாமான் ஏற்றும் அன்று பீபிக்கின் மருமகன்கள் பெட்டியைத் தூக்கி அவருடைய அடுக்களையில் வைத்தார்கள். "நீ கொளுத்திட்டு போ" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னிடமிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, கெபாயாவின் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மூன்றாவது குச்சியில் திரி பற்றிக்கொண்டது.