ஆர்டிஸ் ஹெக்லண்டின் இரும்பு வார்ப்பச்சு

குண்டு வார்க்க உட்கார்ந்தால், முதல் இருபதை ஆர்டிஸ் ஹெக்லண்ட் பார்ப்பதே இல்லை. அச்சு சூடேறும்வரை விழுவதெல்லாம் சுருக்கம் பாய்ந்துதான் விழும். அவற்றை அப்படியே உருகிய ஈயத்துக்குள் திரும்பத் தள்ளிவிடுவாள். இருபத்தொன்றாவதைத்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடிவிளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டப் போகாத சனிக்கிழமைகளில் பத்தொன்பது வருஷமாக இதே பழக்கம். கருமருந்துத் துப்பாக்கியால் சுடுவது கணவன் ஓரின், வார்ப்பது அவள். மொன்டானாவின் கிழக்கு மூலையிலிருந்த அந்தச் சுடுகளத்தில் எல்லோரும் அதை "ஓரின் குண்டு" என்றார்கள். வார்த்த கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. 

ஓரினைப் புதைத்த நான்காம் நாள் அவனுடைய கூட்டாளி க்ளேட்டன் ப்ரூவிட் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பண்டத்தோடு வந்தான். போகும்போது கொட்டகையிலிருந்த வார்ப்பச்சை எடுத்துக்கொண்டான். ஓரின் தருவதாகச் சொல்லியிருந்தானாம். அழுது வீங்கிய முகத்தோடு அவள் தலையாட்டிவிட்டாள்.

அந்த ஜூன் மாதப் போட்டியில் ஐந்நூறு மீட்டர் தூரத்தில் குறியாக நிறுத்திய, ஆட்டுக்கடா வடிவ இரும்புத் தகடுகள் பத்தில் எட்டை அவன் சாய்த்தான். சாப்பாட்டு மேசையில் யாரோ அச்சைப் பற்றிக் கேட்டார்கள். க்ளேட்டன் பீன்ஸை மென்றுகொண்டே சொன்னான்: "நான் எடுத்துட்டு வரலேன்னா, ஆர்டிஸ் அதைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருப்பா."

மேசை முழுக்கச் சிரித்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்து, கடைசிப் பருக்கைவரை தின்றாள். அதே களத்தில், அதே ஆட்கள் முன்னால், தன் சொந்த அச்சில் வார்த்த குண்டால் அவனைத் தோற்கடிக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் தன் வயிற்றெரிச்சலை ஆற்றாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கடையில் தொங்கும் அச்சு இதற்கு ஆகாது. ஓரினின் துப்பாக்கி இப்போது அவளுடையது; அதன் குழலுக்கென்றே குடைந்த அச்சு வேண்டும். மூன்று பேரிடம் விசாரித்தாள். முதல் ஆள், பட்டியலைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன் என்றான். இரண்டாம் ஆள் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவர் கல்லறையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மூன்றாமவர் ஐடஹோவிலிருந்த மெர்ல் டேக்கட். அவர் விலையைப் பற்றியே பேசவில்லை. குழலின் உள்ளளவு என்ன, எத்தனை சூட்டுக்கு ஒரு தடவை துடைக்கிறாய், ஈயத்தில் எவ்வளவு வெள்ளீயம் கலக்கிறாய் என்று கேட்டார். கேள்வி கேட்கிறவன்தான் கவனமாகக் குடைவான் என்று அவரையே பிடித்துக்கொண்டாள்.

மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி, மறுமுனையில் வெளியே தள்ளி, குழலின் உள்சுவர்ப் பள்ளங்களின் தடம் பதிந்த அந்தத் துண்டை அளவுக்காகப் பஞ்சில் சுற்றி அனுப்பினாள். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று எழுதினாள். கனமான குண்டின் சூட்டைத் தாங்க இரும்பு அச்சு. அடிவிளிம்பு கெடாதபடி ஈயத்தைக் குண்டின் மூக்குப் பக்கமிருந்து ஊற்றும் அமைப்பு. கடையில் வாங்கிய குண்டுகளால் சுட்டுப் பழகிக்கொண்டே பதினான்கு மாதம் காத்திருந்தாள். அந்தப் பதினான்கு மாதமும் க்ளேட்டனைத் தபால் நிலையத்தில் பார்த்தால் நன்றாகவே சிரித்துப் பேசினாள்.

வந்த அச்சில் வார்த்த குண்டுகள் சோளப்பொரி மாதிரி சிதறின. கடாவைச் சுற்றி மண்தான் பறந்தது. அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் மயிரிழை இளைத்திருந்தது. மெர்லைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்த்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாக, "ஏம்மா, சட்டியில என்ன ஈயம் இருக்கு?" என்றார்.

ஓரின் விட்டுப்போன ஈயம். அவன் கலந்து வைத்த கட்டிகளை வீணாக்க மனமில்லாமல் அதையே உருக்கியிருந்தாள். அவன் கலப்பு நாற்பதுக்கு ஒன்று. வெள்ளீயம் குறைந்தால் குண்டு ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். பத்தொன்பது வருஷம் வார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அந்தக் கட்டிகளைக் கையில் எடுத்தபோது தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. மறுநாள் அத்தனையையும் மீன்பிடித் தூண்டிலுக்கு எடை வார்க்கிற பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, புது ஈயம் வாங்கி இருபதுக்கு ஒன்று கலந்தாள். இந்த முறை குண்டுகள் ஒன்றன் தடத்தில் ஒன்று போயின.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, காற்றையும் குண்டு விழுந்த இடத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கண் கொடுப்பது என்பார்கள். வாங்கியவர் உடனே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஜோடியைத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆர்டிஸுக்கு வந்த சீட்டில் க்ளேட்டன் பெயர் இருந்தது. முதலில் சுடும் முறை அவளுக்கு.

அவன் பொய் சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். ஒருவேளை அதையே விரும்பினாளோ என்னவோ. அவனோ தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பொறு. காத்து இடது பக்கம் திரும்புது. இன்னும் கொஞ்சம் பொறு. இப்ப விடு."

கடா சாய்ந்தது. அவன் பொறு என்றபோது பொறுத்தாள், விடு என்றபோது விட்டாள். பத்தில் ஒன்பது சாய்ந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

க்ளேட்டன் ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தான். "அருமையான குண்டு. யாரு வார்த்தது?"

"நான்தான். ஓரின் குண்டும் நான் வார்த்ததுதான்."

அவன் குண்டைப் பெட்டியில் திரும்ப வைத்தான். பிறகு தொலைநோக்கியை அவள் பக்கம் நகர்த்தி, துப்பாக்கியோடு குப்புறப் படுத்தான். "சரி, வா. இப்ப என் முறை."

ஆர்டிஸ் குண்டுப்பெட்டியை மூடினாள்.

"அச்சை எடுத்துட்டுப் போனியே க்ளேட்டன், அப்படியே கண்ணையும் எடுத்துட்டுப் போயிருக்கணும்."

சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். சுட வேண்டியவர்களும் கண் கொடுக்க வேண்டியவர்களும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள், அவன் பக்கத்தில் உட்கார வேறு ஆள் இல்லை. காற்று குறுக்கும் நெடுக்குமாக அடித்தது. அவன் நான்கு கடாக்களைச் சாய்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள். நாற்பது மைல் தள்ளிப் பெட்ரோல் போட நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். காபி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கே போனாள். கடையில் நின்று தனக்குத்தானே சிரித்ததாக அவளே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் அந்தக் களத்தில் சுடவில்லை. க்ளேட்டன் அவளைப் பற்றி ஒரு குறையும் பேசவில்லை. அது அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் குளிர்காலத்தில், பேருந்தின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாரடைத்து இறந்தாள். அவனுக்கு அவள் கொடுக்க வேண்டிய பத்துச் சூட்டுக்கான கண் கொடுபடாமலே நிற்கிறது.