விமலாதேவி அக்காவின் சாம்பிராணி வைத்தியம்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஒரு வதந்தி ஓடியது. விமலாதேவி அக்கா நோய்ப்பட்ட கார்களுக்குச் சாம்பிராணி போடுகிறா, போட்ட கையோடு கார் எழும்பி ஓடுகிறது என்பது தமிழ்க் கடையில் கேட்ட முதற் பதிப்பு. மரக்கறிப் பெட்டிகளைத் தாண்டிக் காசு கட்டும் இடத்துக்கு வருவதற்குள் அதில் தேங்காயும் மந்திரமும் சேர்ந்துவிட்டன.

இதையெல்லாம் விசாரிக்காமல் நம்புவது பாவம். விசாரிக்காமல் நம்பாமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம். சனிக்கிழமை காலை அவவின் வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது, பிறந்தது சாவகச்சேரி. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. அதற்கு முன் பதினொரு வருசம் ஒரு துணி ஆலை. அங்கே மெசின்கள் காற்றழுத்தத்தில் ஓடின. எந்தக் குழாயில் ஒழுக்கு என்பதை அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் முதலில் கேட்பவ இவதான். ஆலை மூடுண்டது, காது மிஞ்சியது. பிறகு சொந்தக் கார் ஒருநாள் இழுக்க மறுத்தபோது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற டர்போவும் காற்றுக் குழாய்ச் சமாச்சாரம்தானே என்று மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தா.

நான் தேநீரைக் கையில் எடுக்கவும் ஒரு கார் இருமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவள் கயல், தமிழ்நாட்டுப் பெண். பக்கத்து இருக்கையில் அவளுடைய அயல்வீட்டுக் குலேந்திரன் அண்ணை.

“அக்கா, டர்போ போச்சுன்னு கராஜ்ல சொல்லிட்டாங்க. மாத்தணும்னா கார் வாங்கின விலைல பாதி ஆகுமாம். திங்கக்கிழமை புது வேலை, காலைல ஆறு மணிக்கு அங்க நிக்கணும். அந்த நேரத்துக்கு பஸ்ஸே இல்ல.”

“எப்ப துவங்கினது இருமல்?”

“அதான் புரியல. நேத்து வரைக்கும் மேட்டுல இழுக்காது, கறுப்புப் புகை வரும், அவ்வளவுதான். இன்னைக்கு நின்ன இடத்துலயே இருமுது.”

அக்கா கோளாறு வாசிக்கும் கருவியைச் செருகினா. இரண்டு கோளாறு. டர்போ அழுத்தம் போதாது என்பது பழையது. காற்றை அளக்கிற சென்சார் பிழை என்பது புதியது. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தா.

“அண்ணை, இது ஏன் வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரி மணக்குது?”

குலேந்திரன் அண்ணை வானத்தைப் பார்த்தார். டென்மார்க்கில் அதற்கு எப்போதும் ஒரு மேகம் கைவசம் உண்டு.

“பிள்ளைக்கு உதவியெண்டு விடிய கொஞ்சம் சாம்பிராணி காட்டினனான். நீர் செய்யிறதைத்தான் செய்தனான்.”

“எங்க காட்டினனீங்கள்?”

“காத்து இழுக்கிற வாயில. எஞ்சின் ஓடேக்க. நல்லா இழுத்தது.”

“இழுக்கும். மூக்குக்குள்ள பிசினைப் பூசிப்போட்டு மூச்சை விடு எண்டிருக்கிறியள்.”

சென்சாரைக் கழற்றி, அதற்கென்று விற்கிற மருந்தை அடித்துக் காயவிட்டுப் பூட்டினா. இருமல் நின்றது. அழுத்தக் கோளாறு நிற்கவில்லை. டர்போவின் அச்சை விரலால் அசைத்துப் பார்த்தா, ஆட்டம் இல்லை.

பிறகுதான் வதந்தி வெளியே வந்தது. ஒரு பழைய பெயின்ற் வாளி, உள்ளே தணலும் சாம்பிராணியும், காற்று மெத்தைக்கு அடிக்கிற சின்னப் பம்ப். எஞ்சினை நிறுத்தி, சென்சாருக்கு அங்கால் குழாயைச் செருகி, வாயை அடைத்து, மெல்லப் புகையை ஏற்றினா. மந்திரம் இல்லை. தேங்காய் இல்லை. நாங்கள் காரைச் சுற்றி முழங்காலில் நின்றோம். எதிர்வீட்டு எமிலியா நாயோடு வந்து பார்த்து, என்ன நினைத்தாவோ, நாயையும் மரியாதையாக இருத்தினா.

முன்பக்கத்தில், கீழே, ஒரு ரப்பர் குழாயின் வளைவிலிருந்து புகை நூல் மாதிரி எழும்பியது. வெடிப்பு.

“பாத்தியே பிள்ளை, சென்சார் வாசல்ல நிண்டு பத்துப் பேரை எண்ணுது. கொம்பியூட்டர் பத்துப் பேருக்கு உலை வைக்குது. இடையில மூண்டு பேர் இந்த ஓட்டையால வெளிய போயிட்டினம். மிஞ்சின சோறுதான் கறுப்புப் புகை.”

“அப்போ டர்போ?”

“அது பாவம், தன்ர வேலையைச் செய்யுது.”

பழைய கார் உடைக்கிற இடம் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும். தண்டனையாகக் குலேந்திரன் அண்ணையை அனுப்பினோம். பூட்ட ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாயை வாங்கிவிட்டார். பொருத்தப் போனால், குழாயை இறுக்கிப் பிடிக்கிற துருப்பிடித்த கிளிப் கையோடு உடைந்தது. அதற்குள் உதிரிப்பாகக் கடையும் பூட்டியாயிற்று. அண்ணை வீட்டுக்குப் போய், தன் மழைத்தண்ணீர்ப் பீப்பாயின் குழாயிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். அளவாக இறுகியது.

ஓட்டிப் பார்த்தபோது, சில்கபோர்க் ஊர்ப் பக்க மேட்டில் கார் எங்களை இருக்கையோடு ஒட்டவைத்தது. திங்கட்கிழமை கயல் ஐந்து ஐம்பதுக்கே வேலையிடத்தில் நின்றாள்.

இப்போது மூன்று கிழமை ஆகிறது. பீப்பாயின் குழாயை அண்ணை கயிற்றால் கட்டியிருக்கிறார். மழை பெய்தால் தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் போகிறது. இங்கே மழை பெய்யாத நாளும் குறைவு.

“பிள்ளை, வேலை எப்பிடிப் போகுது?” என்று வேலிக்கு மேலால் தினமும் கேட்கிறார்.

“சூப்பரா போகுது அண்ணா. உங்க கிளிப்ப இந்த வாரம் கண்டிப்பா வாங்கிடறேன்.”

“நான் அதைக் கேக்கேல்லை” என்கிறார் அண்ணை, காரின் முன்பக்கத்தைப் பார்த்தபடி.