நாற்காலி மட்டும் நனைந்தது

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுகிற ஆள் நான். கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது கூடவே வந்த நாலு புத்தகங்கள் கொடுத்த கொழுப்பு. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி உத்தியோகம். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் இருக்கிறானா இல்லையா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதானால் நம்புங்கள்.

என் மனைவி மரகதத்துக்கு ஐம்பது தாண்டியதும் மறதி வந்தது. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள், அப்புறம் போடவே மறந்தாள், நான் இரண்டுக்கும் முகம் சுளித்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் வந்து கிழமை கேட்டார், ஊர் கேட்டார், கடைசியில் புருஷன் பேரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எந்தப் பொம்பளை புருஷன் பேரைச் சொல்வாள் என்று நான் பெருமையாகச் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பெருமையிலேயே ஒரு வருஷம் கழிந்தது. அவளுக்குப் பேர் தெரியவே இல்லை என்பது, ஒருநாள் என்னை வாசலில் நிறுத்தி, "கிராணியாரே, வீட்ல ஆம்பளை இல்ல, அப்புறம் வாங்க" என்றபோதுதான் உறைத்தது.

பேச்சுக் கொடுங்கள், கைக்கு வேலை கொடுங்கள், நடக்க வையுங்கள், பரீட்சை மட்டும் வைக்காதீர்கள் என்றார் டிரஸ்ஸர். போனது திரும்பாதாம், இருப்பது கொஞ்ச நாள் தங்குமாம். நான் பரீட்சைதான் வைத்தேன். காலையும் மாலையும், "நான் யாரு?"

"கிராணியார்."

ஒரே ஒரு தடவை புருஷன் என்று தெரிந்து என்னைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் வர ஆரம்பித்தார். பேய் என்றால் நடுராத்திரியில் வர வேண்டும், இது மூன்று மணி மழையில் தேத்தண்ணிக்கு வந்தது. என் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் கோப்பையை வைத்து, காலி நாற்காலியோடு பேசுவாள், எனக்குக் காட்டாத ஒரு சிரிப்போடு. அவர் வந்துபோன சாயங்காலங்களில் கீரை ஆய்வாள், ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்வாள். என் பரீட்சையால் ஆகாததை ஒரு நாற்காலி செய்துகொண்டிருந்தது. காற்றின்மேல் பொறாமைப்பட்ட புருஷன் ஜொகூரிலேயே நான் ஒருத்தன்தான்.

துரையிடம் பொய் சொல்லிவிட்டு ஒருநாள் சீக்கிரமே வந்து, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். அந்த ஆளுடைய பேர் தெரிந்தால் போதும், மறுநாள் பெரட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

"தொப்பலா நனைஞ்சிட்டீங்களே, வைத்திலிங்கம்."

வைத்திலிங்கம் நான்தான். முப்பது வருஷமாக அவள் வாயில் வராத பேர்.

உள்ளே போய் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். "நான்தான் வைத்திலிங்கம்" என்றேன்.

அவள் பதறிப்போனாள். "எந்திரிங்க கிராணியாரே, அவர் மடியில உக்காந்திருக்கீங்க."

எழுந்தேன். வேட்டியின் பின்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். குடையில் வந்தவன் நான், தலைமுடிகூட நனையவில்லை. ஏணி வைத்துக் கூரையையும் பார்த்தேன், ஓட்டை இல்லை.

அடுத்த வருஷம் மரகதம் போய்விட்டாள். இப்போது கூரை நிஜமாகவே ஒழுகுகிறது, கட்டில்மேல், அடுப்புமேல், என் தலைமேல். அந்த நாற்காலி மட்டும் காய்ந்தே கிடக்கிறது. அவரும் அவளோடேயே போய்விட்டார்போல. போன வாரம் மழையில் கோப்பையை வைத்துவிட்டு, பெரட்டுக் குரலில் "வைத்திலிங்கம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஆஜர் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.