ராசாவின் பிள்ளைக்கும் ஒழுகும் கூரை

அந்தப் பத்திரிகைப் படத்தை அத்தான் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, கசங்கிய ஓரங்களை உள்ளங்கையால் அழுத்தி நேராக்கினார். இங்கிலாந்தின் இளவரசன் ஒருவன் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்த அன்று எடுத்த படம். கோட்டும் கழுத்தில் ரையும் போட்டு, தாயும் தகப்பனும் பக்கத்தில் நிற்க, கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் மூத்தவளின் வயதை ஒட்டிய பிள்ளை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. பாண் ஃபக்ரறியின் ரொட்டி அடுப்பில் முதல்நாள் இரவு வேலை முடித்து, நித்திரை கொண்டு எழும்பி, நான் அப்போதுதான் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன்.

“ராசாவின்ர பொடியன் எங்க படிக்கிறான் எண்டு பார்,” என்றார் அத்தான். “எங்கட பிள்ளை மட்டும் ஏன் தகரப் பெட்டிக்குள்ள இருந்து படிக்கவேணும்?”

பிள்ளைகளே, அத்தான் என்று நான் எழுதுவது என் அக்காவின் கணவரை. உங்களுக்கு மாமா. எங்களுக்கு முன்னமே ரொறன்ரோவுக்கு வந்தவர். விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டின் கீழ்த்தளத்து பேஸ்மென்ரில் இருத்தியவர். குளிருக்கு எப்படி உடுப்பது, பஸ்ஸில் எந்தக் கதவால் இறங்குவது என்பது வரைக்கும் காட்டித் தந்தவர். அவர் சொன்னதற்கு மறுத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் படித்தது யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்றில்; பெரிய பள்ளிக்கூடங்களை அங்கே கல்லூரி என்பார்கள். அந்தக் கல்லூரியின் ரையைக் கல்யாணம், செத்தவீடு, பல் வைத்தியர் என்று எங்கே போனாலும் கட்டுவார். பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயருக்கு அடுத்ததாகக் கேட்பது எந்தக் கல்லூரி என்றுதானே. என்னிடம் அதை யாரும் கேட்டால் நான் வாயைத் திறக்குமுன் அத்தான் முந்திக்கொள்வார். “இவரும் எங்கட கல்லூரிதான்.” நான் படித்தது ஊர்க் கலவன் பாடசாலையில், எட்டாம் வகுப்பு வரை.

அவர் தகரப் பெட்டி என்று சொன்னது பொய் இல்லை. ஸ்காபரோவில் எங்கள் மாடிக்குடியிருப்புக்கு எதிரே இருந்த அரசாங்கப் பள்ளியில் இடம் போதாமல், விளையாட்டுத் திடலில் தனித்தனிப் பெட்டிகளைப் போல வகுப்பறைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். போட்டபிள் என்று சொல்வார்கள். மூத்தவள் அதில் ஒன்றில்தான் படித்தாள். மழை பெய்தால் ஒழுகும். நடுவில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். பனிக்காலத்தில் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிற பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

அத்தானிடம் ஒரு திட்டம் இருந்தது. சங்கத்தின் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் தலைப்பைத் தீர்மானித்துவிட்டார். அரச குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கவேண்டியது அரசாங்கப் பள்ளியிலா, தனியார் பள்ளியிலா? நடுவராக வரப்போகிறவர் அவரோடு படித்த ஒரு டொக்ரர். அவர் நகரத்தில் பெண்பிள்ளைகளுக்கான தனியார் பள்ளி ஒன்றின் நிர்வாக சபையில் இருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பள்ளிச் சம்பளமில்லாமல் சேர்க்க அவரால் முடியும். மூத்தவளின் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிபாரிசு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். தனியார் பள்ளிதான் வேண்டும் என்று அவள் பேசவேண்டும். பேச்சை அத்தான் எழுதுவார். எங்கள் பேச்சுப் போட்டிகளின் வழக்கமே அதுதான். பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். பாதிச் சொல்லுக்குக் கருத்துத் தெரியாது. கையை எந்த இடத்தில் நீட்டவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

“உவள் மேடையில ஏறி நிண்டா பேச்சு எடுபடும்,” என்றார். உங்கள் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஆசை வந்தது. எந்தத் தகப்பனுக்கு வராது?

போட்டிக்கு முன்னம் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அத்தான் லீவு எடுத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சப்வே ரயிலில் போய் இறங்கி மரங்கள் நிறைந்த தெருவால் நடந்தோம். அந்தப் பள்ளியின் புல், எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலையைப் போல இருந்தது. சுவரெல்லாம் பழைய தலைமையாசிரியைகளின் படங்கள். எங்களை வரவேற்ற அம்மையார் நல்ல மனுசி. மூத்தவளிடம் என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டு, நூல் நிலையத்தில் அந்தப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். அத்தான் எனக்கு முன்னால் பதில் சொன்னார். உணவுத் துறையில் இருக்கிறாராம். நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கல்லூரியாம். மூத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவர்கள் தந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

திரும்பி வரும் ரயிலில் நான் கேட்டேன்.

“அத்தான், நான் பாண் சுடுறவன்.”

“அதைத்தானே சொன்னனான். உணவுத் துறை.”

“கல்லூரி?”

“அவ என்ன, யாழ்ப்பாணம் போய் விசாரிக்கப் போறாவோ? சும்மா இரு தம்பி. இதெல்லாம் வாசலுக்குள்ள போகமட்டும்தான்.”

அப்போது மூத்தவள் என் சட்டைக் கையை இழுத்தாள். “அப்பா, அங்க சேர்ந்தா உங்களை என்ன எண்டு சொல்லவேணும்?”

அத்தான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். சுரங்கத்துக்குள் பார்க்க ஒன்றுமில்லை.

அந்தக் கேள்விதான் என்னை மாற்றியது. என் பிள்ளை உள்ளே போவதற்கு என்னை முதலில் வேறு ஒருவனாக்க வேண்டுமென்றால், அந்த வாசல் எனக்கு வேண்டாம். மானம் பார்த்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க வருடக்கணக்காக ஆள் இல்லை. ஏன் இல்லை என்று நான் வளர்ந்த பிறகு யோசித்திருக்கிறேன். ஊரில் கந்தோர் வாசல் ஏறி அதிகாரிகளிடம் நாலு வார்த்தை கேட்கக்கூடியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் காலையில் பஸ் ஏறிப் பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த பஸ்ஸில் போனவர்களில் அத்தானும் ஒருவர். மிஞ்சியது நாங்கள். எங்கள் தகப்பன்மார் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர்கள். கந்தோருக்குப் போனால் வெளி விறாந்தையில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். ஒரு பள்ளிக்கூடம் கெட்டுப்போவதற்கு வேறு ஒன்றும் தேவையில்லை. அதற்காகப் பேச ஆள் இல்லாமல் போனால் போதும்.

வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் கேட்டேன், உனக்கு என்ன விருப்பம் என்று. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். “அந்த ஸ்கூல் நல்ல வடிவு, அப்பா. லைப்ரரி பெரிசு.” “ஆனா நான் போனா எங்கட வாளியை ஆர் ஊத்துறது? வெள்ளிக்கிழமை என்ர ரேண், என்ர முறை.” வகுப்பில் பிள்ளைகள் முறை வைத்து அந்த வாளியை வெளியே கொண்டுபோய் ஊற்றினார்களாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேச்சை நான் எழுதுகிறேன் என்றேன்.

“நீயோ?”

“ஓம். நான்தான்.”

“எந்தப் பக்கம்?”

“அரசாங்கப் பள்ளிப் பக்கம்.”

“விசர்க்கதை கதையாதை. டொக்ரருக்கு முன்னால நிண்டு அப்பிடிப் பேசினா ஆர் சிபாரிசு தருவினம்? பிள்ளையின்ர காலடியில வாளி. நீ ரோசம் பாக்கிறாய்.”

உங்கள் அம்மாவும் அதையே சொன்னாள். “உங்கட ரோசத்துக்கு என்ர பிள்ளையின்ர படிப்பை விலையாக் குடுக்காதேங்கோ.” இரண்டு கிழமை நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் எழுதினேன். சனிக்கிழமை பின்னேரங்களில் மூத்தவளும் நானும் சமையலறையில் இருந்து, அவளுக்குக் கருத்துத் தெரியாத ஒரு சொல்லும் வராமல் எழுதினோம்.

போட்டி நடந்ததும் ஓர் அரசாங்கப் பள்ளி மண்டபத்தில்தான். வாடகை குறைவென்று அத்தானே பிடித்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி, பேரன்புமிக்க நடுவர் அவர்களே என்று தொடங்கி, இளவரசர்களின் பாதுகாப்பு, பரம்பரை, பண்பு என்று முழங்கினார்கள். எல்லாரும் தனியார் பள்ளிப் பக்கம். மேடையின் ஓரத்தில் அத்தான் மேசை மணியோடு இருந்தார். நேரம் முடிந்தால் அவர் மணியைத் தட்டவேண்டும், பேசுகிற பிள்ளை நிறுத்தவேண்டும். மூத்தவள் ஏறியதும் அவர் குனிந்து தன் ரையைச் சரிபார்த்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்கிற வகுப்பு ஒழுகும். நாங்கள் முறை வச்சு வாளி ஊத்துறம்,” என்று அவள் தொடங்கினாள். சபை சிரித்தது. பேச்சுப் போட்டியில் யாரும் வீட்டில் கதைப்பதுபோலப் பேசுவதில்லையே. அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். “ராசாவின்ர பிள்ளை எங்கட வகுப்புக்கு வந்தா என்ன நடக்கும்? அடுத்த நாளே கூரை திருத்துவினம். எங்களுக்கும் சேர்த்துத்தான் திருத்தவேணும், ஏனெண்டா கூரை ஒண்டுதான். அவர் வேற பள்ளிக்கூடம் போனா அவருக்குக் கூரை ஒழுகும் எண்டே தெரியாது. அதைத் தெரியாமல் ராசாவா வந்து என்ன செய்யிறது?” பிறகு தன் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொன்னாள். சோமாலியாப் பிள்ளை, கயானாப் பிள்ளை, சீனப் பிள்ளை, எங்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளை. “ராசாவின்ர பிள்ளைக்கு இவையளைத் தெரியாது. அது எங்களுக்கு நட்டம் இல்லை. அவருக்குத்தான்.”

நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவருடைய கை மணிக்கு மேலே இருந்தது. அது இறங்கவில்லை.

மூத்தவளுக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. டொக்ரர் அவளுக்குக் கை கொடுத்து, வித்தியாசமான பேச்சு என்றார். சிபாரிசுக் கடிதம் வரவில்லை. அத்தான் பனிக்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் அம்மா அதற்கும் என்னைத்தான் குற்றவாளியாகப் பார்த்தாள்.

பங்குனியில் பனி கரைந்தபோது போட்டபிளின் கூரைப் பலகை ஒன்று ஊறி, பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரம் மேசைமேல் விழுந்தது. கல்விச் சபைக் கூட்டத்தில் முறையிடுவதென்று நாங்கள் சில பெற்றோர் தீர்மானித்தோம். எனக்கோ ஃபக்ரறி இங்கிலீசு. பெட்டியைத் தூக்கு, அடுப்பை நிறுத்து, அவ்வளவுதான். மூத்தவள் யாரிடமும் கேட்காமல் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். கூட்டத்துக்கு நாங்கள் போனபோது அவர் கல்லூரி ரையோடு வாசலில் நின்றார். என்னோடு கதைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

எங்கள் முறை வந்ததும் எழும்பினார். அந்தக் கல்லூரி இங்கிலீசை நான் அதற்கு முன்னம் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் மாமன் என்றார். “இவர் தகப்பன். பாண் ஃபக்ரறியில் வேலை செய்கிறார். முறைப்பாடு இவருடையது, இங்கிலீசு மட்டும்தான் என்னுடையது.” சபையில் சிரித்தார்கள். பணம் ஒதுக்க நாள் எடுக்கும் என்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அத்தான் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. “உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் போட்டபிளில் படிக்கிறார்கள்? கையை உயர்த்தினால் நான் என் கதிரையில் இருந்துவிடுகிறேன்,” என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. அவர் இருக்கவுமில்லை. சித்திரை முடிவதற்குள் கூரைக்கு ஆட்கள் வந்தார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போதுதான் என்னோடு வாய் திறந்தார்.

“நீ வெண்டிட்டாய் எண்டு நினையாதை. இப்பவும் சொல்லுறன், அது நல்ல பள்ளிக்கூடம்.”

“ஓம் அத்தான். நல்ல பள்ளிக்கூடம்தான். அதுக்குப் பேச ஆக்கள் இருக்கினம்.”

அத்தான் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். மூத்தவள் அந்தப் பள்ளியை விட்டுப் போன பிறகும் வந்தார். இப்போது அவர் இல்லை.

தம்பி, போன கிழமை நீ அஜக்ஸ் வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னாய், பேரனைத் தனியார் பள்ளியில் சேர்க்க யோசிக்கிறோம், அப்பா கோவிப்பியளோ என்று. உன் தெரு முடிவில் இருக்கிற அரசாங்கப் பள்ளியில் ஒரு வகுப்பில் பிள்ளைகள் அதிகம், ஆசிரியர் போதாது என்றாய். இருக்கும். நான் கோவிக்கவில்லை. உன் பிள்ளை, உன் முடிவு. உன் அக்காவுக்கு நான் எடுத்த முடிவை அவள் இன்றைக்கும் ஒருநாள் சரி என்பாள், ஒருநாள் அந்த லைப்ரரியை நினைப்பாள். அதற்கும் நான் கோவிப்பதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். அந்தத் தெருமுனைப் பள்ளியின் பெற்றோர் கூட்டம் எப்போது என்று நான் ஏற்கெனவே கேட்டு அறிந்துவிட்டேன். உன் மகன் அங்கே சேர்ந்தாலும் போவேன். சேராவிட்டாலும் போவேன். உங்கள் பிள்ளை யார் என்று அங்கே என்னிடம் கேட்டால், உள்ளே இருக்கிற பிள்ளைகளைக் காட்டுவேன்.