போன் அதிர்ந்தால் போதும்

சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். டீலர்கள் கேட்கும் மோட்டார்களைக் குறித்துக்கொண்டு, பெட்டி கட்டச் சொல்லி, வண்டியில் ஏற்றி அனுப்பும்வரை என் பொறுப்பு. இதில் பாதி வேலை போனில்தான் நடக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. இடது காது முழுவதுமாக அடங்கிவிட்டது. வலது காதுக்கு டாக்டர் மிஷின் கொடுத்தார். நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் பார்ப்பதற்கு உதடு இல்லை.

எங்கள் டீலர் ஒருவருக்கு அவிநாசியிலும் அந்தியூரிலும் கடை உண்டு. ஒருநாள் அவர் அவிநாசிக் கடைக்கு நாலு பெட்டி கேட்டார். எனக்கு அந்தியூர் என்று கேட்டது. வண்டி அந்தியூர் போய் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"அம்மணி, போனை இனி நான் பாத்துக்கறேனுங்க. நீங்க உள்ள உக்காந்து பில் போடுங்க, அது போதும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஏசி போட்ட உள்அறையில் ஒரு மேசை கொடுத்தார்கள். அங்கிருந்து கேட் தெரியாது. வண்டி வந்ததா, போனதா, எதுவும் தெரியாது. காலையில் கிளம்பும்போது எனக்கிருந்த பரபரப்பு மெல்லப் போய்விட்டது. வீட்டில் கணவர், "வேலை லேசாயிருச்சில்ல, நல்லதுதானே" என்றார்.

அப்போதுதான் கம்பெனிக்குப் புதிய சாப்ட்வேர் வந்தது. ஆர்டர், ஸ்டோர், பில், டெஸ்பாட்ச் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஆர்.எஸ்.புரத்து ஆபீஸிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து அதை அமைத்துக் கொடுத்தாள். கடைசியாக நோட்டிபிகேஷன் வேலை. ஏதாவது நடந்தால் அவரவர் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும் என்றாள். பகுதிக்கு ஒருவராக எல்லாரையும் சாப்பாட்டு ஹாலுக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன்.

அவள் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, எந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். வைண்டிங் பகுதிக்காரர் கோயில் மணியைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் நகர்வது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஹாலில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் காது விஷயம் முதலாளியைத் தவிர அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. மிஷினை முடிக்குள் மறைத்தே வைத்திருந்தேன்.

"எனக்கு எதுவும் கேக்கலைங்க கண்ணு" என்றேன். "காது போயிருச்சு. சத்தம் வேண்டாம், அதிர்ற மாதிரி வெச்சு உடுங்க, போதும்."

லேத் பகுதிக்காரர் எழுந்து வந்து என் போனுக்குப் பக்கத்தில் தன் போனை வைத்தார். "ஏனுங்க, லேத் ஓடறப்ப எனக்கு மட்டும் மணி கேக்குதாக்கும்? எனக்கும் அதையே வெச்சு உடுங்க." பின்னாலேயே டெஸ்டிங்கில் இருக்கும் அம்மா வந்தார். கோயில் மணி வைத்தவரும் அதை மாற்றிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஆனால் அமைத்தது சரியாக வரவில்லை. எல்லாருக்கும் எல்லாம் போகட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு போல்ட் பொட்டலம் ஸ்டோருக்கு வந்தாலும் கம்பெனியில் உள்ள அத்தனை போனும் அதிர்ந்தது. இரண்டொரு நாள் பார்த்துவிட்டு ஆளாளுக்கு அணைத்துப்போட்டார்கள். ஒரு காலையில் லாரி கேட்டில் வந்து நின்றது. செய்தி வந்திருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை. டிரைவர் மத்தியானம் வரை காத்திருந்து, கோபத்தில் சரக்கை ஏற்றாமலே போய்விட்டார். முதலாளி சாப்ட்வேரையே எடுத்துவிடலாமா என்ற யோசனைக்கு வந்துவிட்டார்.

நான் அவர் அறைக்குப் போனேன். "யாருக்கு எது வேணுமோ அது மட்டும் போகட்டுமுங்க. அதை நான் உக்காந்து பிரிச்சுத் தாரேன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செய்யுங்க அம்மணி" என்றார்.

ஆர்.எஸ்.புரத்துப் பெண் மறுபடியும் வந்தாள். பேச்சு எனக்குப் பிடிபடாத இடங்களில் லேப்டாப்பில் டைப் செய்து காட்டினாள். ஸ்டோருக்குச் சரக்கு வந்தால் யார் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும், லாரி வந்தால் யார் எழுந்து போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்தோம். செய்தியின் வாசகமும் எனக்கு உறுத்தியது. 'தங்கள் நிறுவனத்தின் ஆர்டர் எண்' என்று தொடங்கி, திரையில் தெரியும் இடம் முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும். லேத்தில் நிற்பவர் கையில் எண்ணெய். போனைத் திறக்காமல், ஓரக்கண்ணால் பார்த்தாலே புரிய வேண்டும்.

"ஊர் பேர் முன்னாடி வரட்டும். அப்புறம் எத்தனை பெட்டி. அப்புறம் என்ன செய்யணும்" என்றேன்.

அவள் அப்படியே மாற்றினாள். 'அவிநாசி, நாலு பெட்டி, லாரி வந்தாச்சு.' படித்துப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்தோம். செய்தியைப் பார்த்தவர் அழுத்துவதற்குப் 'பார்த்தேன்' என்று ஒரு பட்டனும் வேண்டும் என்று கேட்டேன். அனுப்பியவருக்கு மனசு நிம்மதியாகும் அல்லவா? அதையும் போட்டுக்கொடுத்தாள். அவசரம் என்று தனியாக ஒரு வகை வைத்தோம். அது முதலாளிக்கும் ஸ்டோர்காரருக்கும் மட்டும் போகும் என்றிருந்தது. என் பேரையும் சேர்க்கச் சொன்னேன்.

பிறகு மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் போய் ஒவ்வொருவர் போனிலும் அணைத்ததைத் திறந்து வைத்தேன். சில போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு செய்தியை வரவிடாமல் தடுத்திருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். திரையில் ஒருவருக்கு மகள் படம், ஒருவருக்குக் காங்கேயம் காளை. இத்தனை வருஷத்தில் அவர்களோடு நான் அவ்வளவு பேசியதில்லை. எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினார்கள்.

கோடை முற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. 'அவிநாசி, ஏழரை எச்பி ஒண்ணு, அவசரம். மோட்டார் எரிஞ்சுபோச்சு, வாழை காயுது.' அவிநாசிக் கடைக்கு முன்பே இந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்திருந்தோம்; டீலர் அதில் அனுப்பியிருந்தார். முதலாளி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் 'பார்த்தேன்' என்பதை அழுத்தினேன். ஸ்டோர்காரரும் அழுத்தியிருந்தார். அவர் போய் ஸ்டோரைத் திறந்தார். நான் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் டெம்போ டிரைவருக்குச் செய்தி போட்டேன். வீட்டிலிருந்தபடியே பில்லை அனுப்பினேன். யாரிடமும் போனில் ஒரு வார்த்தை பேசவில்லை. 'லோடு தாட்டி உட்டாச்சு' என்று ஸ்டோர்காரர் எழுதினார். வண்டி கிளம்பிவிட்டது.

பொழுது சாய்ந்த பிறகு டீலர் ஒரு வீடியோ அனுப்பினார். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து, வாழைக்கு நடுவில் வாய்க்காலில் ஓடியது. ஒரு விவசாயி அதில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முழுவதும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீயா பண்ணுனே?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை போனபோது உள்அறையில் என் மேசை இல்லை. முதலாளியும் லேத்காரரும் அதைத் தூக்கி வந்து பழையபடி டெஸ்பாட்சில் போட்டிருந்தார்கள். "அந்தியூர்க் கடைக்கும் இந்த ஆப்பைப் போட்டுக்குடுங்கனு டீலர் கேக்கறாருங்க. நீங்களே பாருங்க அம்மணி" என்றார் முதலாளி.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆர்.எஸ்.புரத்துப் பெண் தன் மற்ற வாடிக்கையாளர்களிடம் நோட்டிபிகேஷன் பிரித்து வைக்க என்னையும் கூட்டிப் போகிறாள். முதலாளியே அனுமதித்திருக்கிறார். போன முறை ஒரு பனியன் கம்பெனி. அங்கிருந்த மேனேஜர் என்னைப் பார்த்து, "எங்கிருந்து ஆரம்பிக்கலாமுங்க?" என்று கேட்டார். தையல் பகுதியில் இருப்பவர்களை முதலில் வரச் சொன்னேன். அவர்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பெண் தன் நாற்காலியை எனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தாள்.